இருபது நிமிஷக் கடல்

நாகலெட்சுமிக்கு முதுகுவலி வந்து பதினொரு வருஷமாகிறது. தலவாக்கலைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுடைய வலிக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி இதுவரை காட்டிய மரியாதை, வாரத்துக்கு நாலு வெள்ளை மாத்திரை. அதனால், முதுகுவலிக்கென்றே கண்ணில் மாட்டும் பெட்டிகள் கொழும்பு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்திருக்கின்றன என்றதும், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கருணையை நினைத்து, தொழிலாளர் குடியிருக்கும் லயமே உருகிப்போனது. ஒழுகும் கூரைக்குத்தான் இன்னும் பெட்டி எதுவும் வரவில்லை.

"இத மாட்டிக்கிட்டு, ஒங்கள நீங்களே அரத்தூக்கம் மாதிரி ஒரு மயக்க நெலைக்குக் கொண்டு போகலாங்க அக்கா," என்றாள் பெட்டியோடு வந்த நிஷாந்தி. "வலி இருக்கும். ஆனா பக்கத்து லயத்து ரேடியோ மாதிரி தூரமா போயிரும்."

மாட்டியதும் எதிரே கடல். நாற்பத்தாறு வயதில் அவள் பார்த்த முதல் கடல். 'தங்கள் தோள்களைத் தளர்த்துங்கள். தங்களுக்கு எந்த அவசரமும் இல்லை' என்றது ஒரு பெண்குரல். 'தங்கள்' என்பது தன்னைத்தான் என்று புரியவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. இருபது நிமிஷம் கழித்துக் கழற்றியபோது முதுகு உண்மையாகவே இலேசாகியிருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட. குறை சொல்லத் தயாராக வந்திருந்தாள்.

"பழகிட்டா பெட்டியே வேணாம். கண்ண மூடி நீங்களே போயிரலாம். வலி கூடுற நேரத்துல கட்டாயம் செய்யணும்," என்றாள் நிஷாந்தி.

வலி குறைந்தால் கொழுந்து கூடும் என்று துரை தலையாட்டினார். வலி எந்த நேரத்தில் கூடும் என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம், காலை பத்து மணிக்குக் கூடியது. நாகலெட்சுமி கூடையை இறக்கிவிட்டு, தேயிலைக்கு நடுவே உட்கார்ந்து கண்ணை மூடினாள். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த பூரணியும் உட்கார்ந்தாள். பார்த்திருக்கும்போதே பதினாறு பேர் உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டார்கள்.

கங்காணி அழகுமுத்து ஓடி வந்தார். "என்னா லெச்சுமி இது? வேல செய்யிற மலையா, கோயிலா?"

"சத்தம் போடாதீங்க கங்காணி. கடல்ல இருக்கேன்."

துரைக்குத் தகவல் போய், அவரும் வந்து சேர்ந்தார். "எழுப்பு," என்றார்.

"பாதியில எழுப்புனா என்னா ஆகும்னு தெரியலீங்க சார்," என்று கங்காணி பின்வாங்கினார். எழுப்பத் துரைக்கும் துணிச்சல் வரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்து நின்றார்.

மறுநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு முடித்ததும், மயக்கப் பயிற்சி இனி வேலை முடிந்த பிறகுதான் என்று துரை அறிவித்தார்.

"சரிங்க சார்," என்றாள் நாகலெட்சுமி. "வேல நேரத்துல வலியப் பொறுத்துக்கணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நிஷாந்தி மிஸ்ஸுக்கு அனுப்பணும்."

துரை எழுதவில்லை. பத்து மணித் தேநீர் இடைவேளையைப் பத்து நிமிஷம் நீட்டினார்; அதற்கும் வலிக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு தடவை சொன்னார். பெட்டிகள் கொழும்புக்குத் திரும்பின. துரையும் நிறுவனத்தாரும் கைகுலுக்கும் படம் ஆபீஸ் சுவரில் ஏறியது.

நாகலெட்சுமி அந்தப் பத்து நிமிஷத்தில் இப்போதும் கடலுக்குப் போய் வருகிறாள். பூரணி எங்கும் போவதில்லை. காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள். அவளுக்கும் வலி குறைகிறதாம்.