மரக்காணத்து நண்டு

திண்டிவனத்தில் பஸ் மாறும்போதே என் வீட்டுக்காரர் வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டார். சாப்பாட்டுக்குத் தயாராகிறாராம்! மரக்காணம் போய்ச் சேரவே இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. செஞ்சிக் கடைத்தெருவில் அரிசி மண்டி அரிகிருஷ்ணன் என்றால் தனி மரியாதை. நண்டு என்று சொல்லிவிட்டால் மட்டும் மனுஷன் சின்னப் பிள்ளைதான். எங்கள் ஊருக்குக் கடல் மீன் வருவதே ஐஸில் கிடந்து கண் வெளுத்துப் போய்த்தான், இல்லையென்றால் கருவாடாக. "உசுரோட நண்டப் பாத்து எத்தினி வருசமாவுது ஆண்டாளு" என்று மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மண்டியைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு வருவோம், தெரிந்த அம்மா ஒருத்தி ஆக்கிப்போடுவாள் என்றேன். குதித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எந்த அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

அவள் பெயர் மீனம்பாள். எங்கள் மகள் வசந்தா சத்துணவு வேலை பார்க்கிற தளவானூர்ப் பள்ளிக்கூடத்தில் இராமச்சந்திரன் என்று ஒரு வாத்தியார், அவனைப் பெற்றவள். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்கிறாள் வசந்தா. பையனை நான் பார்த்திருக்கிறேன், தங்கமான பிள்ளை. இவர்தான் பையனையும் பார்க்காமல் வீட்டையும் பார்க்காமல், "உப்பளத்துல கூலிக்குப் போனவ வூட்ல சம்பந்தமா? அந்த வூட்ல என் கை நனையாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் பையன் வீட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாறினால் ஊர் காறித் துப்பும். இந்த மனுஷனுக்கு வாய்தானே வழி, அந்த வழியாகவே மடக்குகிறேன் பார் என்று திட்டம் போட்டேன். ஆக்கி வை, நீ யார் என்று மட்டும் சொல்லாதே என்று மீனம்பாளுக்கு அவள் மகனிடமே சொல்லியனுப்பினேன். "நைனாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும்மா" என்று வசந்தா அழுதாள். "நீ கம்முனு கெட" என்றேன். இருபத்தைந்து வருஷமாக ஆக்கிப்போடுகிறேன், அவரைப் பற்றி எனக்குத் தெரியாதா?

கடற்கரையில் கூடைக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு நண்டாகத் திருப்பிப் பார்த்து அவரே பொறுக்கினார். ஒன்று விரலைக் கவ்வியபோதுகூடச் சிரித்தார். மீனம்பாள் வீடு உப்பளத்தை ஒட்டி இருந்தது. கூரை தாழ்வு, உள்ளே மெழுகிவிட்டதுபோல் சுத்தம். அவள் குழம்பு கூட்டுகிற வாசனைக்கு இவர் மூன்று தரம் எழுந்துபோய் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் இலை விழுந்தது. வறுத்த வஞ்சிரம், எறாத் தொக்கு, சோறு. நண்டுக் குழம்பு சட்டியோடு வந்தது. கை கழுவச் செம்பை எடுத்தார். என் மனசு கும்மாளம் போட்டது.

மீனம்பாள் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள்.

"அண்ணே, ஒரு வார்த்த. நான் இராமச்சந்திரன் அம்மா. அண்ணி சொல்ல வேணாம்னுதான் சொன்னாங்க. ஏமாத்திச் சோறு போட என்னால ஆவல. தெரிஞ்சு சாப்டுங்க. இல்லன்னா எழுந்துடுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். கொழம்பத் தூக்குல ஊத்தித் தரேன், வழியில சாப்டுங்க."

அடிப்பாவி! குடியைக் கெடுத்தாளே! வசந்தாவின் அழுத முகம்தான் கண்ணில் நின்றது.

அவர் செம்பைக் கீழே வைத்தார். "இவ்ளோ தூரம் இட்டுகினு வந்து இன்னா வேல பண்ணிகீற நீ?"

"ஆமா, பண்ணேன். பொண்ணுக்காவப் பண்ணேன். நேரா கேட்டா ஒத்துக்கினு இருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மீனம்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனியவில்லை. நின்றாள், அவ்வளவுதான். மண்டியில் எடை குறைத்துப் போட்டான் என்று பத்து வருஷம் வேலை செய்த ஆளைத் துரத்தியவர் இவர். அவர் வாய் ருசியை மட்டும் பார்த்த நான் அதை மறந்துபோனேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. சோற்றில் ஆவி அடங்கிக்கொண்டே வந்தது.

"இன்னோரு எல போடும்மா" என்றார்.

மீனம்பாள் என்னைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒக்காருடி" என்றார் என்னிடம்.

"நீங்க சாப்டுங்க. நான் அப்புறமா..."

"ஒக்காருன்னேன். திட்டம் போட்டவ நீ, நான் மட்டும் நனைக்கறதா? மொதல்ல நீ நனை. நாளைக்கி வசந்தா கண்ணக் கசக்கினு வந்து நின்னா ஒன்னத்தான் கேப்பேன்."

மீனம்பாள் போட்ட இலை முன்னால் உட்கார்ந்தேன். அவர் செம்பைத் தூக்கிச் சாய்த்தார். எத்தனை பேருக்கோ பரிமாறிய கையை நீட்டினேன். தண்ணீர் சில்லென்று உள்ளங்கையில் விழுந்து, விரலிடுக்கு வழியாகப் புது இலையில் சொட்டியது. அவர் கை அப்போதும் காய்ந்துதான் இருந்தது.