எதிரிச் சொத்து

பதருன்னிசா கடுதாசிகளைக் கத்தை கத்தையாக அடுப்புக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாத வயிறு குனியவிடவில்லை. முழங்காலை அகட்டி உட்கார்ந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தள்ளினாள். புகை கண்ணைக் கரித்தது. தீ ஒரு கத்தையை விழுங்கி முடிக்கும் முன்பே அடுத்ததைக் கொடுத்தாள்.

தெருமுனையில் போலீஸ். பாகிஸ்தானோடு சண்டை தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யார் வீட்டுக்கெல்லாம் தபால் வருகிறது என்று ஏட்டையா பரமசிவன் ஒரு நோட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். அப்துல் சுபஹான் மளிகைக்கடையிலிருந்து அவர் ஒரு கோணிப்பை நிறையக் கடுதாசிகளை அள்ளிக்கொண்டு போனதைப் பதருன்னிசா ஜன்னல் வழியாகத் தன் கண்ணால் பார்த்துவிட்டாள்.

அவள் வாப்பா செய்யது அலி டாக்காவில் இருந்தார். தூத்துக்குடிச் சங்குக்கு அங்கே வளையல் அறுப்பவர்களிடம் நல்ல கிராக்கி. வெள்ளைக்காரன் காலத்தில், எல்லாம் ஒரே தேசமாக இருந்தபோது, சங்கு மூட்டைகளோடு ஏஜெண்டாகப் போனவர். பிற்பாடு தேசம் இரண்டாகி, டாக்கா பாகிஸ்தான் பக்கம் போனது. வியாபாரத்துக்குச் சௌகரியம் என்று அந்த ஊர்ப் பாஸ்போர்ட்டையே வாங்கிக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, ஒரு மாதம் இருந்து, கோவில்பட்டி ஸ்டேஷனில் மகள் தலையைத் தடவிவிட்டு ரயிலேறிவிடுவார். மிச்ச நாளெல்லாம் கடுதாசிதான் வாப்பா.

அந்தக் கடுதாசிகள்தான் இப்போது வினை. எல்லாம் அரபுத்தமிழ். பேச்சு தமிழ், எழுத்து அரபு. உம்மா சைத்தூன் பீவி மாதிரிப் பழைய காலத்துப் பெண்கள் கடகடவென்று வாசிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த பதருன்னிசாவுக்கு அது எழுத்துக்கூட்டத்தான் வரும். ஏட்டையாவுக்கு அதுவும் வராது. மிளகாய் விலையும் மகளுக்கு வேண்டிக்கொண்ட துஆவும் எழுதின காகிதத்தைச் சங்கேத மொழி என்று சொல்லி உம்மாவை ஜீப்பில் ஏற்றிவிட்டால்?

டிரங்குப் பெட்டியின் அடிவரைக்கும் துழாவினாள். அடியில் தனியாக ஒரு பழுப்புக் கவர். பிறைநிலா போட்ட ஊதா முத்திரை. பாகிஸ்தான் கொடியில் இருக்கிற அதே பிறை. கையிலிருந்த மற்றதையெல்லாம் கீழே போட்டுவிட்டு அதை முதலில் தீயில் வைத்தாள்.

மிளகாய் திரிக்கப் போயிருந்த சைத்தூன் பீவி பொடிச் சட்டியோடு உள்ளே வந்தபோது அடுப்பில் சாம்பல் மட்டும்தான் இருந்தது.

"என்னட்டி எரிச்ச?"

"வாப்பா கடுதாசிய. போலீசு வந்துட்டிருக்கு உம்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"பெட்டிக்கடியில கெடந்ததையும்?"

"அதக் கண்டதும் மொதல்ல அதத்தான் போட்டேன்."

சைத்தூன் பீவி சட்டியை இறக்கி வைத்தாள். திட்டுவாள் என்று மகள் எதிர்பார்த்தாள். உம்மாவோ சாம்பலைக் குச்சியால் கிளறினாள். கிளறிக்கொண்டே இருந்தாள்.

ஏட்டையா வந்தார். வாசலில் நின்றபடியே தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"டாக்காக்காரர் கடுதாசி இருந்தாக் குடுங்கம்மா. எண்ணி எழுதிட்டு நாளைக்கே திருப்பிக் குடுத்துருவோம். அவ்வளவுதான் உத்தரவு."

"ஒண்ணுமில்லியே" என்றாள் பதருன்னிசா.

ஏட்டையா மூக்கை உறிஞ்சினார். வீடு முழுக்கக் காகிதம் கருகின வாடை. "சரி, ஒண்ணுமில்லேன்னு எழுதிக்கிடுதேன்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் சுபஹான் கடைக்குக் கோணிப்பை அப்படியே திரும்பி வந்தது. ஒரு கடுதாசிகூடக் குறையவில்லை.

புரட்டாசி பிறந்து சண்டை நின்றது. ரேடியோவில் நிறுத்தம் என்று சொன்ன அன்றைக்கு டீக்கடைக்காரன் எல்லாருக்கும் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டான். கரிசலில் உழவு தொடங்கிவிட்டது. ஆயிரம் மைலுக்கு அப்பால் யார் யார் எவ்வளவு மண்ணைப் பிடித்தார்கள் என்ற பேச்சு குறைந்து, மழை எப்போது என்ற பேச்சு வந்துவிட்டது.

அப்போதுதான் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

வக்கீல் குமாஸ்தா தங்கச்சாமி அதைப் படித்துச் சொல்ல வந்தார். செய்யது அலிக்குப் பழைய சினேகிதர். இந்த வீட்டுக் கிரயப் பத்திரம் எழுதினதே அவர்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இரண்டு தடவை படித்தார்.

"அக்கா, பாகிஸ்தான் பிரஜை பேர்ல இங்கன இருக்க சொத்தெல்லாம் எதிரிச் சொத்தாம். செப்டம்பர் பத்தாம் தேதியிலேர்ந்து சர்க்கார் வசம். வீடு அண்ணாச்சி பேர்லதான இருக்கு?"

"அதான் சண்டை நின்னுபோச்சே மாமா?" என்றாள் பதருன்னிசா.

"பட்டாளத்துக்காரன் துப்பாக்கியக் கீழ வச்சிட்டான் தாயி. குமாஸ்தா பேனாவ எங்க கீழ வச்சான்? நானும் அந்த சாதிதான், எனக்குத் தெரியாதா?"

"அப்பம் எங்களைத் தெருவுல விட்டுருவாவளா?"

"விடலாம். இல்லேன்னா உங்க வீட்டுல நீங்களே சர்க்காருக்கு வாடகைக்கு இருக்கலாம். அவன் என்னைக்குப் போன்னு சொல்லுதானோ அன்னைக்குப் போவணும்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு. பத்தாம் தேதிக்கு முந்தியே சொத்துக்காரர் காலமாயிருந்தா, வீடு அன்னைக்கே பொண்டாட்டி புள்ளைக்கு வந்துரும். நீங்க இந்தியப் பிரஜை. அப்பம் எவனும் தொட முடியாது. அண்ணாச்சி கல்லு மாதிரி இருக்கும்போது இதப் பேசி என்ன!"

பதருன்னிசாவுக்குச் சுருக்கென்றது. உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சைத்தூன் பீவி முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு கேட்டாள்:

"முந்தின்னா? எவ்வளவு முந்தியா இருந்தாலும் செல்லுமா?"

"செல்லும். ஆனா காகிதம் வேணும். ஆள் காலமாயிட்டார்னு அங்கன உள்ள ஜமாத்துலேர்ந்து ஒரு மௌத்துச் சீட்டு இருந்தாப் போதும். இப்பம்தான் ரெண்டு தேசத்துக்கும் தபாலே கிடையாதே!"

"காகிதம் இல்லாட்டி?"

தங்கச்சாமி கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைக் கூர்ந்து பார்த்தார். "சத்தியம் பண்ணிச் சொன்னா எழுதிக்கிடுவாவ. எதிர்ச்சாட்சி இல்லேன்னா நிக்கும். ஏன்க்கா?"

"சும்மாத்தான் கேட்டேன்."

அவர் போனதும் பதருன்னிசா பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்காண்டி வாப்பாவச் சாவடிக்கப் பாக்கியா?"

"வாய மூடுட்டி."

"பொய்ச் சத்தியம் பண்ணப் போற. அதான?"

"ஒன் புள்ள பொறக்கதுக்கு ஒரு கூரை வேணுமா வேண்டாமா?"

"வாப்பா உசுர வித்து வாங்குத கூரை எனக்கு வேண்டாம்."

சைத்தூன் பீவி வாயைத் திறந்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

விசாரணைக்கு மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து முசாபரி பங்களாவில் தங்கியிருந்தார். அன்று காலையில் சைத்தூன் பீவி துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு, "நெறமாசக்காரி, வெளிய எறங்காத" என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தங்கச்சாமியோடு கிளம்பினாள்.

பதருன்னிசாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொய்ச் சத்தியம் சும்மா விடாது. வாப்பாவின் தலையில் விடியும், இல்லை வயிற்றுப் பிள்ளையின் தலையில் விடியும். பீரோவைத் திறந்து, கிளிப்பச்சை டாக்கா சேலையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள். போன வருஷம் அவள் கல்யாணத்துக்கு வாப்பா அனுப்பின சேலை. விசா கிடைக்கவில்லை என்று வாப்பா வராமல் போனதற்குப் பதிலாக வந்த சேலை. தெருவில் போன ஒரு பருத்தி வண்டியைக் கைதட்டி நிறுத்தி ஏறினாள். குலுங்கின குலுக்கலில் பிள்ளை வண்டியிலேயே பிறந்துவிடுமோ என்று வண்டிக்காரன் பயந்துபோய் மாட்டை அதட்டவே இல்லை.

அவள் படியேறும்போது அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. பேனாவை மூடித் திறந்துகொண்டு, சலிப்பும் இரக்கமும் கலந்த குரலில் சொன்னார்: "காகிதம் இல்லைதான். ஆனாலும் பெரிய மனுஷி, சத்தியம் பண்ணிச் சொல்றீங்க. மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. ஏத்துக்கலாம்னுதான் எனக்கும் தோணுது. கைநாட்டா, கையெழுத்தா?"

"கையெழுத்துப் போடுவேன்" என்று சைத்தூன் பீவி பேனாவை வாங்கினாள்.

"போடாத உம்மா."

எல்லாரும் திரும்பினார்கள். தங்கச்சாமி பாதி எழுந்துவிட்டார். "ஏட்டி, நீ ஏன் இங்கன வந்த? வீட்டுக்குப் போ."

"யாரும்மா நீ?" என்றார் அதிகாரி.

"மக. செய்யது அலி மக. எங்க வாப்பா உயிரோட இருக்காவ."

அதிகாரி பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அது எப்படி உனக்குத் தெரியும்?"

"என் கல்யாணத்துக்கு இந்தச் சேலைய அனுப்பியிருக்காவ, பாருங்க. போன வருசம் மே மாசம் வந்துது."

அவர் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தார். "உங்கம்மா சொல்ற தேதி போன வருஷம் ஏப்ரல் பதினெட்டு. செத்தவர் மே மாசம் சேலை அனுப்பினாரா?"

"அதான் சொல்லுதேன். அதுக்கப்புறமும் கடுதாசி வந்துது. நான் புதியம்புத்தூர்ல புருசன் வீட்டுலேர்ந்து வரும்போதெல்லாம் உம்மாவே வாசிச்சுக் காட்டுவாவ. என்னைய நல்லா சாப்பிடச் சொல்லி எழுதியிருந்தாவ."

"அந்தக் கடிதமெல்லாம் எங்கே?"

"எரிச்சிட்டேன்."

அதிகாரி சைத்தூன் பீவியின் பக்கம் திரும்பினார். குரலில் இருந்த இரக்கம் வடிந்துவிட்டிருந்தது.

"உங்க மக சொல்றது சரியா? சேலை வந்ததா? கடிதம் வாசிச்சீங்களா?"

சைத்தூன் பீவி மகளின் முகத்தைப் பார்த்தாள். வண்டிக் குலுக்கலில் வேர்த்து, ஒரு கையை நாற்காலி முதுகில் ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற மகளை வெகுநேரம் பார்த்தாள்.

"வந்துது. வாசிச்சேன்."

"அப்போ அவர் இறந்துட்டார்னு சொன்னது?"

சைத்தூன் பீவி துப்பட்டியை இழுத்துப் போர்த்துக்கொண்டாள்.

அதிகாரி எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தார். கீழே புதிதாக எழுதினார். பொய்ப் பிரமாணத்துக்குக் கேஸ் போடலாம், வயசைப் பார்த்து விடுகிறேன் என்றார். தங்கச்சாமி கும்பிட்டார். மூன்று பேரும் திரும்பினார்கள். தெரு முனையில் தங்கச்சாமி, "சத்தியவந்தி. நல்லா இரு தாயி" என்று பதருன்னிசாவிடம் சொல்லிவிட்டுப் பிரிந்துபோனார்.

ஒரு வாரத்தில் வாசல் நிலையில் ஒரு தகரப் பலகையை அடித்தார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து. எதிரிச் சொத்து, அரசு வசம், நம்பர் இன்னது. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தன. வாடகைக்கு இருக்கலாம், மூன்று மாதத்துக்கு. பிறகு ஏலம் என்றார்கள். பதருன்னிசா அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்திக்கொண்டாள். வீடு போனால் போகட்டும், வாப்பா இருக்கிறார். தபால் திறந்ததும் எல்லாவற்றையும் அவரே வந்து சரிசெய்துவிடுவார்.

ஐப்பசி மழை கரிசலை ஊறவைத்த ஒரு மத்தியானத்தில், அந்தப் பலகைக்குப் பின்னால், ஆண் பிள்ளை பிறந்தது.

ஏழாம் நாள். தலைமுடி இறக்கிப் பேர் வைக்க வேண்டும். மாப்பிள்ளை குத்புதீன் தையல் கடையை அடைத்துவிட்டுப் புதியம்புத்தூரிலிருந்து வந்து, ஆட்டுக்கு விலை பேச வெளியே போயிருந்தான். பதருன்னிசா கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். சைத்தூன் பீவி காலடியில் உட்கார்ந்து பழந்துணி கிழித்துக்கொண்டிருந்தாள்.

"செய்யது அலின்னு வையி" என்றாள்.

பதருன்னிசா சிரித்துவிட்டாள். "என்ன உம்மா, நம்மள்ல உசுரோட இருக்கவிய பேர வைக்க மாட்டாவளே! மௌத்தானவிய பேரத்தான வைப்பாவ."

"அதான் சொல்லுதேன். வையி."

துணி கிழிகிற சத்தம் நின்றது. பதருன்னிசாவின் சிரிப்பும் நின்றது.

"மறுபடியும் ஆரம்பிக்கியா? வீடுதான் போயிட்டே, இன்னும் என்னத்துக்கு அவியள..."

"வயித்துல புள்ள இருக்கவகிட்ட எழவு சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்." சைத்தூன் பீவி நிமிரவில்லை. கிழித்த துணியை மடிமேல் வைத்து நீவிக்கொண்டே சொன்னாள். "நான் வாசிச்சுக் காட்டுனது பூராப் பழைய கடுதாசி. ஒனக்கு எழுத்துத் தெரியாதுல்லா."

"அப்பம் சேலை?"

"ஒன் வாப்பாவுக்கு வாந்திபேதி. ரெண்டே நாளாம். ஒனக்குன்னு வாங்கி வச்சிருந்தாவளாம். அங்கன உள்ள ஜமாத்துக்காரவதான் பார்சல் கட்டி அனுப்புனாவ. ஒன் நிக்காவுக்கு மூணு நாளைக்கு முந்தி வந்துது. கல்யாணம் நின்னுபோகும்லா? புருசன் மௌத்தானா வெளிய எறங்காம இருக்க இத்தாவும் இருக்கல, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடல. தலை நெறையப் பூ வச்சிக்கிட்டு ஒன் கல்யாணத்துல நெய்ச்சோறு வெளம்புனேன். பொறவு சொல்லலாம்னு நாளத் தள்ளுனேன், அதுக்குள்ள நீ மாசமாயிட்ட."

குழந்தை பாலை விட்டுவிட்டு வீரிட்டது. பதருன்னிசா அதை எடுக்கவில்லை.

"பார்சலப் பிரிச்சேன். மேல சேலை இருந்துது" என்றாள் சைத்தூன் பீவி. "அடியில, முத்திரை போட்ட மௌத்துச் சீட்டு. பழுப்புக் கவர்ல."