பேசச் சொன்ன டொக்டர்

லண்டனில் நாவற்கேணிக் கல்லூரிப் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணி ஒரு கோல் வாங்கினால், கோல் காப்பாளர் பாலேந்திராவின் வாயிலிருந்து ஒரு பல் விழும். 1989இல் இது தொடங்கியது. வலி கிடையாது, இரத்தம் மட்டும் தாராளமாக வரும். பற்கள் கடைவாயிலிருந்து வரிசை குலையாமல் முன்னோக்கி விழுந்துகொண்டு வந்தன. ஒரு சனிக்கிழமை அவன் விளையாடப் போகாமல் கோலியர்ஸ் வுட் வீட்டிலேயே இருந்து பார்த்தான். அங்கே குட்மேய்ஸ் மைதானத்தில் அவனுக்குப் பதிலாகக் கோலுக்குள் நின்ற வேறொருவன் கோல் விட்ட நேரம், இங்கே அவனுடைய தேத்தண்ணிக் கோப்பைக்குள் பல் விழுந்தது. அடுத்த கிழமை திரும்பவும் கோலுக்குள் போய் நின்றான். எப்படியும் போகிற பல், கண்ணெதிரே போகட்டும்.

1991 கோடையில் முன்பற்கள் மட்டும் மிஞ்சின. ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். விம்பிள்டனில் தமக்கை வீட்டிலிருந்த மணப்பெண் வசந்தமலர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். "உள்ளுக்கை விழுந்ததைப் பற்றி நான் கதைக்கேல்லை. முன்பல் ஒண்டு விழுந்தாலும் தாலிக்குக் கழுத்து நீட்டமாட்டன்."

அணிச் செயலாளர் குலசேகரம் ஓட்டையாய்க் கிடந்த பின்வரிசைக்குப் புதுப் பயிற்சியாளர் தேடினார். இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் சவிரிமுத்து, பெற்றோல் நிலையத்தில் வேலை, ஊரில் பின்வரிசையில் ஆடிப் பெயர்போன பெக். "பந்தைப் பாக்காதை, முழங்காலைப் பார்" என்பதுதான் அவருடைய முழுப் பாடம். அதைச் செய்துகாட்டும்போது இராஜேந்திரன் என்ற இடது பெக்கின் கணைக்கால் சுள்ளிபோல முறிந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"அண்ணை, அது எங்கடை ஆளின்ரை கால்" என்றார் குலசேகரம்.

"காலெண்டால் கால்தானே" என்றார் சவிரிமுத்து.

மிஞ்சியவர் டொக்டர் நரசிம்மன். மதராஸில் மருத்துவக் கல்லூரிக்கு ஆடியவர், சாந்தமான மனிதர். "உங்க டிஃபென்ஸ் ஊமையா நிக்குது. பேசணும். ஆட்டம் முழுக்கப் பேசிக்கிட்டே இருக்கணும்" என்றார். பெக்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்குப் பேசுவதென்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பது.

"ஆரைப் பேசிறது, டொக்டர்?" என்றான் ஒருவன்.

"யாரு பக்கத்துல வந்தாலும் பேசுங்கப்பா."

இப்படியொரு பயிற்சியாளர் கிடைப்பார் என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. டொக்டரே நியமிக்கப்பட்டார்.

கல்யாணத்துக்கு முந்திய கடைசி ஆட்டம் வடலிப்புலம் கல்லூரியோடு. "பேசுங்க! சத்தமாப் பேசுங்க!" என்று டொக்டர் கோட்டோரம் நின்று கத்த, பெக்குகள் பேசினார்கள். எதிரணி முன்வரிசைக்காரனின் மூக்கைப் பேசினார்கள், மாமனைப் பேசினார்கள், அவன் அசைலம் கேஸ் வென்ற விதத்தைப் பேசினார்கள். அரைமணி நேரம் பொறுத்தவன், பந்தை விட்டுவிட்டு ஒரு பெக்கின் குரல்வளையைப் பிடித்தான். அதன்பின் மைதானமெங்கும் அடி. மூலைக்கொடிக் கம்பு ஒருவனின் புருவத்தைப் பிளந்தது. இன்னொருவனின் காது பாதி கழன்று தொங்கியது. ஆணி வைத்த சப்பாத்தொன்று முழு வேகத்தில் பாலேந்திராவின் வாயில் இறங்கியது. உதடு இரண்டாகக் கிழிந்தது, பல் அசையவில்லை. அவை கோலுக்கு மட்டுமே விழுகிற பற்கள். நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். கோல் எதுவும் விழவில்லை.

"நான் பேசத்தானே சொன்னேன்!" என்றார் டொக்டர், உதட்டுக்குத் தையல் போட்டபடி.

"பேசினனாங்கள்தானே, டொக்டர்" என்றான் பாலேந்திரா.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வசந்தமலர் தையல் உதட்டை விட்டு முன்பற்களை எண்ணிப் பார்த்துக் கழுத்தை நீட்டினாள். டொக்டரை வருடாவருடம் கைதட்டி நியமித்தார்கள். பல ஆட்டங்கள் ஆம்புலன்ஸோடு பாதியில் முடிந்தன. முடிந்த ஆட்டங்களில் எப்போதாவது ஒரு கோல் நுழைந்துவிடும். "கட்டியாச்சு, இனி என்ன செய்யிறது" என்று வசந்தமலர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டுக்குள் இறங்கி, புல்லுக்குள் பல்லைத் தேடி எடுப்பாள். நடுவர் கடிகாரத்தை நிறுத்திக் காத்திருந்து, அந்த நேரத்தை ஆட்டத்தின் கடைசியில் சேர்த்துக் கொடுப்பார்.