அணைத்துப் போடுகிறவர்

“நீயே பேசிடேன்.”

“நான் எதுக்கு? நானா உருவினேன்?”

“நீ பேசினா அத்தான் கத்த மாட்டார்.”

“என்னன்னு பேசட்டும்? எங்க அண்ணன் உங்க முட்டையையெல்லாம் அவிச்சிட்டிருக்கான், உப்பும் மிளகும் எடுத்து வைங்க, இதோ வந்துடறோம்னா?”

அண்ணன் சிரிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவனுடைய திரையில் ஒரு கறுப்புச் சதுரம் திறந்திருந்தது. அதன் கடைசி வரியில் அவன் தட்டிய கட்டளை நின்றது, அதற்குப் பின் ஒன்றுமில்லை. வழக்கமாகத் துடித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக் கட்டம்கூடத் துடிக்கவில்லை. அவன் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். செத்த பூனையைக் குச்சியால் குத்திப் பார்க்கிற பையன்களின் முகம் அவனுக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கணினியில் நம் கண்ணுக்குத் தெரிகிற எதையும் என் அண்ணன் தொடமாட்டான். படம், எழுத்து, வண்ணம் எல்லாம் அவனைப் பொறுத்தவரை மேல்பூச்சு. அதைச் செய்கிறவர்களைச் ‘சுண்ணாம்பு கோஷ்டி’ என்பான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் கட்டற்ற இயங்குதளத்தில், கெர்னல் என்கிற அடிவயிற்றுக்குள் செருகவும் உருவவும் முடிகிற துண்டுகளை அவன் எழுதுகிறான். மாட்யூல் என்று அதற்குப் பெயர். அவன் எழுதியது, மின்சாதனங்களைக் கணினியிலிருந்து எரியவும் அணையவும் வைக்கிற ஒரு மலிவான சர்க்யூட் அட்டைக்கான மாட்யூல். உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கொடுத்தான். உலகம் முழுவதிலும் அதைப் பயன்படுத்துகிறவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அதில் ஓட்டுநர் பக்கத்தில் உட்காருகிறவர் எங்கள் அத்தான்.

அத்தானும் அக்காவும் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் கோழிமுட்டைகளைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள். அக்கா நர்ஸ், வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் கொட்டகையில். அத்தான் முழுநேரமும் அங்கேதான். போன இரண்டு ஈட்டு முட்டைகளும் கூமுட்டையாகப் போயின. இந்த ஈடும் பொரிக்கவில்லையென்றால் கொட்டகையை மூடிவிட்டு, அத்தான் பழையபடி தன் அண்ணன் கடையில் போய்ப் பொட்டலம் கட்ட வேண்டும். தம்பியை வேலைக்காரனைப் போல நடத்துகிற அந்த மனிதரை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பொரிப்பு அறையின் ஹீட்டரை அண்ணனுடைய அட்டைதான் ஆட்டி வைக்கிறது. “சூடு ஏறினா தானே அணைக்கற தெர்மோஸ்டாட் ஒண்ணும் தனியா மாட்டி வெச்சுக்கலாமா?” என்று அத்தான் ஆரம்பத்திலேயே கேட்டார். “எதுக்கு? என்மேல நம்பிக்கை இல்லைன்னா நீங்களே அடைகாத்துக்கிட்டு உக்காருங்க” என்றான் அண்ணன். அத்தான் தெர்மோஸ்டாட் வாங்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் அணைத்துப் போடுவது, அதாவது அணைத்துவிட்டு மறுபடி போடுவது. டிவி, ஃபேன், கணினி, எல்லாவற்றுக்கும் அதேதான். அண்ணன் அவருக்கு ‘அணைத்துப் போடுகிறவர்’ என்று பெயரே வைத்துவிட்டான். போன மாதம் கொட்டகைக்குப் போனபோது அந்தக் கணினியைத் திறந்து, பவர் பொத்தானுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிக் கையோடு எடுத்துவந்தான். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் அதை ஆட்டிக் காட்டி, “இனிமே அத்தான் விரலுக்கு அங்க வேலை இல்லை” என்றான். அக்காவின் முகம் சிறுத்துப்போயிற்று. அத்தான் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. அன்றிலிருந்து அவர் அண்ணனுக்குப் போன் செய்வதில்லை.

பொரிக்கிற சமயத்தில் கடைசி மூன்று நாள் அறைக் கதவைத் திறக்கக்கூடாது. ஈரம் போய்விடும், குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மூன்று நாள் நேற்றுத்தான் தொடங்கியிருந்தது. “இந்த மூணு நாள் மட்டும் அந்தக் கம்ப்யூட்டர்ல கை வைக்காதேடா, உன் கால்ல விழறேன்” என்று அக்கா சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். “சரிக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்றான்.

சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் வேறு எதையாவது உடைத்திருப்பான். அவனுடைய மாட்யூலின் புதிய வடிவத்தைக் கெர்னலில் சேர்ப்பதா வேண்டாமா என்று பார்க்கிற ஒரு ஆள் எங்கேயோ இருக்கிறார். அண்ணன் அவரை ‘ஆந்தை’ என்பான். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை, கடிதம் மட்டும்தான். இன்று காலையில் ஆந்தை எழுதியிருந்தது: நிஜமான இடத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா? புதியதைச் சேர்க்கிற வாசல் இன்றோடு மூடுகிறது. அந்த ஒற்றை வரியில் அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தேன் என்று பொய் எழுதியிருக்கலாம். பொய் எழுதுகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. முட்டைகளைப் பற்றி அவனுக்கு அந்த மாதிரிக் கொள்கை ஒன்றும் இருக்கவில்லை.

இங்கிருந்தே வலைவழியாகக் கொட்டகைக் கணினிக்குள் நுழைந்தான். பழைய துண்டை உருவ வேண்டும், புதியதைச் செருக வேண்டும், அவ்வளவுதான். பழையது வர மறுத்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த அடித்துண்டையும் சேர்த்து உருவினான். அட்டையும் அந்த அடித்துண்டின் மேல்தான் நின்றது, கொட்டகையின் வலைத்தொடர்பும் அதன் மேல்தான் நின்றது. அடுத்த கட்டளையைத் தட்டினான். அது போய்ச் சேர அங்கே வழி இல்லை.

உருவிய நேரத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. எரிகிறதை அணைக்கச் சொல்ல இனி அங்கே ஆள் இல்லை. சூடு ஏறினால் அத்தானுக்குத் தகவல் அனுப்ப வேண்டியதும் அதே கணினிதான்.

போன வருஷம் எந்த நாட்டிலோ ஒரு பையன் இதே தப்பைச் செய்துவிட்டு, வெட்கத்தை விட்டு எல்லோருக்கும் பொதுவாக எழுதி உதவி கேட்டிருந்தான். என் அண்ணன் அவனுக்குப் பதில் எழுதினான்: நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிறவர்கள் கையில் கோடாலி கொடுத்தது யார்? அந்தப் பதிலை நிறையப் பேர் பாராட்டினார்களாம். எங்களுக்கும் வாசித்துக் காட்டினான், இரண்டு தடவை. அந்தப் பையன் பிறகு அங்கே எழுதவேயில்லை.

“அக்காவுக்குப் போன் போட்டியா?”

“ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கா. போன் லாக்கர்ல.”

“அப்போ அத்தானைக் கூப்பிடு. நாம வண்டி எடுத்துட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க குஞ்சு இருக்காது, குழம்புதான் இருக்கும்.”

“நீ கூப்பிடேன்டி, ப்ளீஸ்.”

நான் கூப்பிட்டிருக்கலாம். கதவுக்கு வெளியே சுவரில் இருக்கிற கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகுங்கள் என்று சொல்ல எனக்கு எந்தப் படிப்பும் வேண்டாம். கணினி தானே எழுந்து, பழைய துண்டுகளைத் திரும்பச் செருகிக்கொள்ளும். ஆனால் அது அவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அங்கே ஒவ்வொரு நிமிஷமும் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஏளனம் எங்கள் வீட்டில் அவன் ஒருவனோடு நிற்கிற சரக்கில்லை.

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். 

“அடடே, மேதை கூப்பிடறாரு!” அத்தானின் குரலில் அப்படி ஒரு உற்சாகம். “என்ன மாப்ளே, வழி தவறி நம்ம நம்பருக்கு வந்துட்டீங்களா?”

“இல்ல அத்தான்… சும்மாதான். அங்க… கரண்ட் எல்லாம் ஒழுங்கா இருக்கா?”

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

“கரண்டுக்கு என்ன, ராஜா மாதிரி இருக்கு. ஏன், உங்க டப்பா ஏதாவது புகார் சொல்லுச்சா?”

“அதெல்லாம் இல்ல. ஒரு சின்ன… அதாவது, நான் ஒரு சின்ன மாத்தம் பண்ணப்போ…”

“மாப்ளே, மாத்தம் கிடக்கட்டும். நல்ல நேரத்துல கூப்பிட்ட. ஒண்ணு கேக்கறியா? நான் கதவுகிட்டயேதான் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன். உள்ள ஓட்டுக்குள்ளயே கத்த ஆரம்பிச்சிருச்சுடா! உங்க அக்கா வந்ததும் காட்டணும்னு இருந்தேன், நீயே முதல்ல கேளு. உன் டப்பா செஞ்ச வேலைதானே. இரு, இரு, போனைக் கதவுல வெக்கறேன்.”

“அத்தான், ஒரு நிமிஷம்—”

ஏதோ உரசும் சத்தம் வந்தது. பிறகு, கதவுக்கும் ஓட்டுக்கும் பின்னாலிருந்து, நூல் நூலாக, மெல்லிய கீச்சொலிகள். முதலில் ஒன்றிரண்டு. காது பழகப் பழக அவை பெருகி, எங்கள் அறை முழுவதும் நிரம்பின. கறுப்புச் சதுரத்தில் வெள்ளைக் கட்டம் அப்படியே நின்றது. அண்ணன் போனை நோக்கிக் குனிந்தான். அவன் உதடுகள் போனைத் தொட்டன.

“அத்தான்… அந்தப் பெட்டியை ஒருதரம் அணைச்சுப் போடறீங்களா?”