ஒரே அளவுச் சத்தம்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஸனூஸின் கடை மேசையில் ரமேஸ் தன் பழைய தக்காரா ஆம்ப்ளிபையரை இறக்கி வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸனூஸ் போனை எடுத்து, "சாமான் வந்திரிச்சி. பின்னேர பஸ்ஸில போட்டு விடுறன்," என்று யாரிடமோ சொன்னார்.

இன்னும் பேரமே முடியவில்லை. ரமேஸின் மனைவி சிவசக்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கு அனுப்புறீங்க, ஸனூஸ் நானா?"

"மொனராகலையில ஒரு ஆள், தங்கச்சி. பழைய தக்காரா எண்டா அவருக்கு உசுரு."

"உசுர விடுற அளவுக்கு நல்ல சாமானா? அப்ப நாங்க எதுக்குக் குடுக்கணும்?"

"நீ செத்த சும்மா இரு," என்றான் ரமேஸ்.

தக்காரா ஜப்பானில் செய்தது. யாரோ பாவித்து விற்ற சாமானாகத்தான் ரமேஸ் அதை வாங்கினான். இப்போது அவன் கண் கடையிலிருந்த புதிய நோர்வெல் ஆம்ப்ளிபையர் மேல். தக்காராவைக் கொடுத்து, மேலே நாற்பத்தையாயிரம் ரூபாய் வைத்தால் அது கிடைக்கும். நமுனுகுலயில் அவர்களுடைய தேயிலைத் தோட்ட லயத்து வீட்டின் கூரைத் தகரம் மாற்றச் சேர்த்த பணம் அது. மழை பெய்தால் அடுப்புக்கு நேர் மேலே ஒழுகும்.

ஸனூஸ் இரண்டு ஆம்ப்ளிபையரையும் ஒரே சோடி ஸ்பீக்கரோடு இணைத்து, பாட்டுக்கு ஒரு ரேடியோவையும் மாட்டி, மாற்றி மாற்றிக் கேட்க நடுவில் ஒரு சுவிட்ச் பெட்டியை வைத்தார். இரண்டின் வொல்யூம் குமிழையும் சரிபாதியில் நிறுத்தி, "பாத்துக்கோங்க, ஒரே அளவு," என்றார். முதலில் தக்காரா பாடியது. பிறகு நோர்வெல்.

"பாட்டுக்காரி பக்கத்துல வந்து நின்ன மாதிரி இருக்கு!" ரமேஸின் முகம் மலர்ந்தது.

சிவசக்திக்கும் அப்படித்தான் கேட்டது. அதனால்தான் சந்தேகம் கூடியது.

தேயிலைப் பெக்டரியில் ருசி பார்க்கும் அறையில் கோப்பைகளை வரிசை வைப்பது அவள் வேலை. ஒவ்வொன்றிலும் ஒரே நிறைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். ஒன்றில் தூள் சற்றுக் கூடினாலும் அந்தத் தேநீர்தான் நல்லதென்று தோன்றும் என்பது அவளுக்குத் தெரியும்.

"குமிழ் ஒரே எடத்துல இருக்கு நானா. சத்தம் ஒரே அளவுன்னு யாரு சொன்னா? சத்தம் கூடுனாலே பாட்டு நல்லாத்தான் கேக்கும்."

அவள் போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கினாள். ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நிறுத்தி, இரைச்சலை மட்டும் ஓடவிட்டாள். ரமேஸ் உட்கார்ந்திருந்த கதிரையில் போனை வைத்து, அதை அசைக்காமலே இரண்டையும் அளந்தாள். குமிழ்கள் ஒரே இடத்தில் இருந்தும் நோர்வெல் ஐந்து டெசிபெல் கூட.

"அல்லாவே! கொம்பனி ஆள் இப்பிடித்தான் வெச்சிக் காட்டினான்," என்றார் ஸனூஸ். உண்மையில் தெரியாதா, தெரியாததுபோல் இருக்கிறாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

நோர்வெலைக் குறைத்து இரண்டையும் சமப்படுத்திய பின், ரமேஸைத் தெருப்பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். சுவிட்ச் அவள் கையில்.

"இது புதுசு," என்றான் ரமேஸ். "இதுவும் புதுசு. இது நம்ம கெழடு."

ஆறு தடவையில் மூன்றுதான் சரி.

"பூவா தலையா போட்டிருந்தாலும் இதான் வந்திருக்கும்," என்றாள்.

"நீ கோல்மால் பண்ற. சுவிட்ச நானா திருப்பட்டும்!"

ஸனூஸ் திருப்பினார். அவருக்கு விற்கவேண்டிய தேவை இருந்தது. ஒவ்வொரு தடவையும் ரமேஸின் முதுகை நம்பிக்கையோடு பார்த்தார். இந்த முறை ஆறில் இரண்டு.

"நான் உக்காந்து பாக்கிறன்," என்று ஸனூஸும் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். அவருக்கும் மூன்று. எழுந்து, போனை எடுத்து, "இண்டைக்கு வராது," என்று மொனராகலைக்குச் சொன்னார். சிவசக்தி தக்காராவின் வயர்களைக் கழற்றிச் சுற்றினாள்.

நமுனுகுல பஸ்ஸில் தக்காராவை மடியில் வைத்திருந்த ரமேஸ், இரண்டாவது வளைவில் அவள் பக்கம் திரும்பினான்.

"நீயும் நானாவும் முன்னாடியே பேசி வச்சீங்களா?"

"விக்காம விடுறதுல நானாவுக்கு என்ன லாபம்?"

"அதத்தான் யோசிக்கிறேன்," என்றான் ரமேஸ்.