பூட்டிய குரல்

கணினி சரிசெய்ய வருகிறவனுக்கு அந்தத் தெருவில் 'அப்டேட்' என்றுதான் பெயர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த வார்த்தையைத்தான் முதலில் சொல்வான். அக்கா தங்கை மட்டும் இருந்த வீட்டில் பெரியவளிடமும் அதையே சொன்னான்.

"அக்கா, இந்த சாம்ப்ளர் கொள்ளுத்தாத்தா காலத்துது. புதுசு போட்டுத் தர்றேன், குதிரை மாதிரி ஓடும்."

"பழசுல இருக்கிற வாத்தியமெல்லாம் அதுல வருமா?"

"வராம எங்க போகும்? ஓடிப்போக அதுக்குக் காலா இருக்கு?"

பெரியவள் நாடகங்களுக்கு இசை போடுகிறவள். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால், யாரோ எங்கோ வாசித்துப் பதிவு செய்த வயலினோ முரசோ கணினியில் இருக்கும் சாம்ப்ளர் மென்பொருளிலிருந்து ஒலிக்கும். ஒரு வாத்தியம் மட்டும் விலைக்கு வாங்கியதல்ல. தங்கைக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடப்பதற்கு முன், வெளிச்சத்தம் சேராமலிருக்க அவளைத் துணி அலமாரிக்குள் நிற்க வைத்து, ஒவ்வொரு ஸ்வரமாக 'ஆ' என்று பாட வைத்துப் பெரியவள் செய்தது. அதற்குப் பிறகு சின்னவளுக்குப் பேச்சு வெறும் காற்றாகத்தான் வருகிறது. வேலை விட்டு வந்ததும் கீபோர்டின் முன் உட்கார்ந்து கொஞ்சம் பாடுவாள். இருவரும் அதைப் பாடுவது என்றுதான் சொல்வார்கள்.

"இடம் பத்தலக்கா. பழசை எடுத்துடவா?"

பெரியவள் போனில் நாடகக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "எடு, எடு" என்று கையசைத்தாள்.

புதியது பளபளவென்று திறந்தது. வயலின் வந்தது, முரசு வந்தது. சின்னவளின் வாத்தியத்துக்குப் பெயர் மட்டும் வந்தது. எந்தக் கட்டையிலும் ஒலி இல்லை.

"இதைப் பூட்டு போட்டு சேமிச்சீங்களாக்கா?"

ஆமாம். வேறு யார் கையிலும் சிக்கக் கூடாது என்று பதிவுகளை ஒரே பொட்டலமாகக் கட்டிப் பூட்டியவள் அவள்தான். அதுதான் பத்திரமாக இருக்கிறதே என்று தனித்தனிப் பதிவுகளை அழித்ததும் அவள்தான். அந்தப் பூட்டு பழைய சாம்ப்ளருக்கு மட்டுமே திறக்கும்.

"பழசையே திரும்பப் போடு."

போட்டான். அது உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தில் தன் நிறுவனத்தைக் கூப்பிட்டது. நிறுவனம் கைமாறியபோதே அந்த வாசலை மூடிவிட்டிருந்தார்கள். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்ச பாட்டுல அவ குரல் இருக்கே. அதுலேருந்து எடேன்."

"மேளம், தாளம் எல்லாம் மேல ஏறிக் கிடக்கு. பால்ல ஊத்தின தண்ணியைப் பிரிக்கச் சொல்றீங்க." அப்டேட் தலையைச் சொறிந்தான். "புதுசுல ஒரு பொம்பளைக் குரல் இருக்குக்கா. அதுவும் 'ஆ'தான். அதை வெச்சுப் பேரை மாத்திடறேன். தெரியவா போகுது?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாங்கிற."

சொன்னாளே தவிர, அவன் கையைத் தடுக்கவில்லை.

கதவு திறந்தது. சின்னவள் பையை நாற்காலியில் போட்டாள். "என்ன அப்டேட், என் மேனேஜர் மூளைக்கும் ஒண்ணு போட்டு விடேன்" என்று காற்றுக் குரலில் சொல்லிக்கொண்டே கீபோர்டின் முன் உட்கார்ந்தாள்.

அவள் விரல்கள் பழகிய மெட்டில் ஏறின. பிசிறில்லாத குரல், வழவழவென்று. உச்சியில் சின்னவளின் குரல் எப்போதும் லேசாக உடையும். இது உடையவில்லை. அவள் நிறுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"யாருக்கா இது?"

அப்டேட் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"என்னுது எங்கக்கா?"

"போச்சுடி."

"போச்சுன்னா?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். திரும்ப வராது."

சின்னவள் விரலைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண் மூச்சே வாங்காமல் பாடிக்கொண்டிருந்தாள்.