நடு ஓடையில் ஒரு கொத்து

காலை பத்து மணிக்கு இரண்டு ஊர் வரைபடங்களையும் மேசையில் ஒட்டவைத்துப் பார்த்தாள் வரைபடக்காரி. நடுவே எல்லை ஓடை வெள்ளையாகக் கிடந்தது. அழியப்போகும் செடிகொடி, பிராணி இருக்கும் இடத்துக்கெல்லாம் பச்சை பூசிக் காப்பாற்றுவது, வெள்ளையில் மட்டும் கட்டடம் கட்டுவது, இதுதான் வட்டாரத் திட்டம். மூன்று மணிக்கு மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். ஓடை வெள்ளையாகவே இருந்தால் பஸ் டிப்போ வந்துவிடும்.

அந்த ஓடையை விட்டால் சோம்பேறிச் செடிக்கு வேறு போக்கிடம் கிடையாது. பகல் பன்னிரண்டு அடித்ததும் பூவை மூடிக்கொண்டு தூங்கிவிடும், அதனால் அந்தப் பட்டப்பெயர். மூடிவிட்டால் அதற்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது.

பக்கத்து ஊர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே செடி எண்ணுகிறவர் வேறு யாருமில்லை, அவளைக் கட்டிக்கொண்ட மகராசன்தான்.

"ஏங்க, ஓடையை எண்ணினீங்களா?"

"அது உங்க ஊராச்சே. நீ எண்ணியிருப்பேன்னு விட்டுட்டேன்."

"நல்லாயிருக்கு! நான் உங்க ஊர்னு விட்டுட்டேன்."

வீட்டில் பால் பொங்கி வழிவதும் இப்படித்தான். அவர் பார்ப்பார் என்று அவள், அவள் பார்ப்பாள் என்று அவர். அடுப்பைத் துடைத்துவிடலாம், செடி போனால் போனதுதான்.

பதினொன்றேகாலுக்கு ஆளுக்கொரு கரையில் முழங்கால் சேற்றில் நின்றார்கள். நூறு செடியாவது இருந்தால்தான் பச்சை. அவரவர் ஓரத்தை அவரவர் எண்ணுவதென்று பேச்சு.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். அவளுக்கு ஐம்பத்தாறு, அவருக்கு நாற்பத்தொன்று.

"மூணுதானே குறையுது, சேர்த்துப் போட்டுக்கோ. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு பொய் மாட்டிக்கிச்சுன்னா மொத்தப் பட்டியலையும் தூக்கிப் போட்டுடுவாங்க."

அவர் நடு ஓடைப் பக்கம் திரும்பினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நடுவுல, கல்லுகிட்ட ஒரு கொத்து இருக்கே... அதை நீ எண்ணிட்டேதானே?"

"அது உங்க பக்கம்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

அடப் பாவிகளா! இவ்வளவு பட்டும் புத்தி வந்ததா பாருங்கள்! இருவரும் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு நடுவுக்கு ஓடினார்கள். பூக்களுக்குக் கண் சொக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் ஒன்றாக, வாய்விட்டு எண்ணினார்கள். பத்தொன்பது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் எண்ணினார்கள். பத்தொன்பதேதான்!

மூன்று மணிக்கு மேலதிகாரி இரண்டு ஊர் படிவங்களையும் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நூற்றுப்பதினாறு செடி, சரி. ஆனால், "ஓடையை ரெண்டு பேருமே எங்க ஊர்னு எழுதியிருக்கீங்க. யாரு ஊரு?"

"எங்க ஊர்தான் சார்" என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். அவள் பச்சைப் பென்சிலை எடுத்து ஓடையின் மேல் ஒரு தரம் தீட்டிவிட்டு, கணவரிடம் நீட்டினாள். அவரும் ஒரு தரம் தீட்டினார்.